எதிர் பிளாட்பாரம்

வண்டி சீக்கிரம் கிளம்பட்டும் என்று நினைத்தாள், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும் என்றும் நினைத்தாள், இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்துவிட்டு ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் குணசுந்தரி. பரங்கிமலையின் புது மேல்தளப் பிளாட்பாரத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நேற்று நாடா வெட்டி, பொன்னாடை போர்த்தி, மைக்கில் பேசிவிட்டுப் பெரிய மனிதர்கள் போய்விட்டார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்றுதான் ஜனங்களுடைய நாள். வேளச்சேரி வரைக்கும் போய்விட்டு அப்படியே திரும்பி வருவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலையும் கிடையாது, சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்க. எனக்கும் ஒரு வேலையும் கிடையாது, சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்கத்தான் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். காலையில் பீரோவில் இருந்த புடவைகளில் பாதியைக் கட்டிலில் எடுத்துப் போட்டவள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா. இலைப்பச்சையை எடுத்தாள், வைத்தாள். அரக்கை எடுத்தாள், தோளில் போட்டுப் பார்த்தாள், வைத்தாள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சாம்பல் நிறக் கைத்தறியையே கட்டிக்கொண்டாள், விசேஷமாக எதையாவது கட்டிப் போனால் அதுவே பதிலாகிவிடும் என்று. மாடிப்படி இறங்கும்போது பழசைக் கட்டிப் போனால் அதுவும் ஒரு பதில்தானே என்று தோன்றியது. திரும்ப ஏறிப் போய் மாற்ற நேரமில்லை. நேரம் இருந்தது, கால் ஏறவில்லை. நேற்று சாயங்காலம் போனில் தணிகாசலம் அதிகம் பேசவில்லை. “நாளைக்கு வர்றீங்களா டீச்சர்? நான் வேளச்சேரி பிளாட்பாரத்துல இருப்பேன்” என்றார். “வர்றேன் சார்” என்றாள். வைத்துவிட்டார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. ஞாபகம் இருக்கிறவர் இப்படியா வைப்பார், மறந்துபோனவர் இப்படியா கூப்பிடுவார் என்று ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததில் தலையணை உறை கழன்று தனியாக வந்துவிட்டது.

கிளம்பிவிட்டது. ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான், பிளாட்பாரத்துத் தூண்கள் பின்னால் போக ஆரம்பித்தன. பெட்டி முழுக்க ஒரு ஓ என்ற சத்தம், யாரோ கை தட்டினார்கள். அவள் பக்கத்தில் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மீன் குழம்பும்மா” என்றாள், யாரும் கேட்காமலே. “மக வீடு வேளச்சேரியில. மொட்ட மாடியில ஏறி நின்னா தெரியுற தூரம். பஸ்ஸுல ரெண்டு மாறி, ஆட்டோ புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதிக் குழம்பு பைக்குள்ளதான் இருக்கும். இன்னைக்குத்தான் சுடச்சுடக் கொண்டுபோறேன்.” குணசுந்தரி சிரித்தாள். மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெரிகிற தூரம். அந்தத் தூரத்துக்குத்தான் இத்தனை வருஷம். பல்லாவரத்தில் அவள் இருந்தாள், வேளச்சேரியில் அவர் இருந்தார், நடுவில் ஊர் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு ஏரி, சில தெருக்கள், கொஞ்சம் வெயில். ஆனால் ரயில் இல்லை. அவள் பல்லாவரத்தில் ஏறி வடக்கே கோட்டை வரை போக வேண்டும், அங்கே இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறி மறுபடி தெற்கே திருமயிலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அந்தப் பறக்கும் ரயில் வேளச்சேரிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அதில் போனால் திரும்பக் கோட்டையைச் சுற்றி வீடு சேர ராத்திரியாகிவிடும். இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தாளில் வரைந்தால் ஒரு குதிரை லாடம் மாதிரி இருக்கும், கீழே இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஒட்டாமல். பஸ்ஸில் போயிருக்கலாம்தான். பஸ் என்றாலே அவளுக்குக் குமட்டும், டீசல் வாசனைக்கே எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருக்கும். ஒரு மனிதரைப் பார்க்கப் போகும்போது வாந்தி எடுத்த முகத்தோடு போய் இறங்க முடியுமா. அதனால் வேளச்சேரியை அவள் பார்த்ததே இல்லை. நாற்பத்தொன்பது வயதில், இதே ஊரில் பிறந்து வளர்ந்து, வேளச்சேரியைப் பார்க்காத ஒருத்தி.

ஆதம்பாக்கம். கூரை புதுசு, பெயர்ப்பலகை புதுசு, பலகைக்கு முன்னால் நின்று ஒருவர் மனைவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று குளிர்ச்சியாக இருந்தது, உயரத்தில் போகிறதால் இருக்கும், கீழே வீடுகளின் மொட்டை மாடிகளில் துணி காய்ந்தது, ஒரு மாடியில் வடகம், ஒரு மாடியில் யாரோ தலைக்கு மருதாணி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ரயில் வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தார்கள், அவர்களுக்கும் இது முதல் தடவைதான், இனிமேல் மருதாணி பூசிக்கொள்ள அவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடித்திருந்த தன் கையை அவள் பார்த்தாள். விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை, நடுவில் மட்டும் அசல் நிறம். கல்லூரியில் படிக்கும்போது நகக்கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டு வந்தது, அப்புறம் தாடைக்கு அடியில் ஒன்று, அப்புறம் கையெல்லாம். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அத்தை, பிரியமாகப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, கையைத் தன் கைக்குள் எடுத்து, முந்தானை நுனியால் தேய்த்தே பார்த்தாள். பவுடர் வந்தது. அதற்கடியில் வெள்ளை வந்தது. அந்த அத்தையின் முகம் மறந்துவிட்டது, முந்தானையின் சுங்குடிப் புள்ளிகள் மறக்கவில்லை. அதற்கப்புறம் யாரையும் கூட்டி வராதீர்கள் என்று அவளே அம்மாவிடம் சொல்லிவிட்டாள், சொன்ன அன்றைக்கு அழுதாள், மறுநாள் நன்றாகத் தூங்கினாள். கையை மறைத்துக்கொண்டே திரிந்தவளுக்குக் கிடைத்த வேலை கையால் பேசுகிற வேலை. மயிலாப்பூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள், பார்த்துத்தானே ஆக வேண்டும், வார்த்தையே அங்கேதானே இருக்கிறது. ஒரு சின்னவள் எழுந்து வந்து புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்குமா என்று கேட்டாள். இல்லை என்றாள். அன்று மத்தியானத்துக்குள் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆளுக்கொரு சைகைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். புறங்கையைத் தொட்டு, பிறகு விரல்களை மெல்ல உருட்டி உயர்த்த வேண்டும். மேகம். மேகம் டீச்சர். அதைவிட அழகான பெயரை அவளுக்கு யாரும் வைக்கவில்லை, குணசுந்தரி உட்பட.

தணிகாசலத்தை அவள் முதலில் பார்த்தது திருமயிலை ஸ்டேஷன் படிக்கட்டில். வேளச்சேரியிலிருந்து வந்து அங்கே இறங்கி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிறவர், மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, வழியை மறித்துக்கொண்டு அட்டையும் பேனாவுமாக நிற்கிற, கண்ணாடி போட்ட, கொஞ்சம் உயரமான ஒரு தொந்தரவு. பயணிகள் சங்கமாம். வண்டிக்கு இன்னும் மூன்று பெட்டி சேர்க்க வேண்டும், வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள். போட்டுத் தொலைத்தால் விடுவார் என்று போட்டாள். பேனாவை வாங்கிய கையை அவர் பார்த்தார். எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுச் சட்டென்று வேறெங்கோ பார்ப்பார்கள், அந்தச் சட்டென்றுதான் சுடும். இவர் பார்த்தார், பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார், கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருந்த பல்லாவரத்தைப் படித்தார், “கோட்டையில வண்டி மாறுறதுக்கு ரொம்ப நேரம் நிக்குறீங்களா?” என்று கேட்டார். “சில நாள் நிக்குறேன்.” “உக்கார இடம் இருக்கா?” “இல்ல சார்.” “அதையும் எழுதிக்குறேன்” என்று எழுதிக்கொண்டார். அவள் காத்து நிற்கிறதைப் பற்றி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. ஒரு தடவை கோடையில், ஸ்டேஷன் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போது, “வெயில்ல எரியுமா டீச்சர்?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தாமலே வெயில் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார். அதற்கப்புறம் எப்போதும் அந்தப் பக்கம்தான். மழைக்காலத்திலும்.

சாயங்காலத்தில்தான் தொல்லை. அவள் வடக்கே போக வேண்டும், அவர் தெற்கே போக வேண்டும், ஆளுக்கொரு பிளாட்பாரம், நடுவில் இரண்டு தண்டவாளம். படி ஏறும் வரைக்கும் ஒன்றாக வருவார்கள், மேலே போனதும் அவர் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டு. கத்திப் பேசினால் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் அவள் கை பழக்கத்தில் தானாகவே கேட்டுவிட்டது, சாப்பிட்டாச்சா என்று. அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் படியில் வைத்துக் கேட்டுக் கற்றுக்கொண்டார், மழை எப்படி, லேட்டு எப்படி, கூட்டம் எப்படி. கூட்டம் மட்டும் அவருக்கு அபாரமாக வந்தது, முகத்தோடு சேர்த்துச் செய்வார், சங்கத்துக்காரர் அல்லவா. இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவில் அந்தரத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நிற்கிறவர்கள் இவர்களுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று இரக்கத்தோடு இடம் விட்டார்கள். இரண்டு பேரும் அதை நினைத்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை. அப்படி ஒரு சாயங்காலம்தான் அவர் தன்னைக் காட்டினார், அவளைக் காட்டினார், இரண்டு கையின் விரல் நுனிகளையும் கூரை மாதிரிச் சேர்த்தார். நான், நீங்கள், வீடு. வீட்டுக்குத்தானே போகிறோம் என்று கேட்கிறார் என்று நினைத்து அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு சந்தேகப்பட்டு, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நான். நீங்கள். ஒன்று. வீடு. அவளுக்குக் காதுமடல் சூடானது. அப்போது பார்த்து அவளுடைய வண்டி நடுவில் வந்து நின்றது. ஏறினாள். ஏறியவள் உள்ளே போய் உட்காராமல் எதிர்ப் பக்கத்து வாசலுக்குப் போனாள். அவர் அங்கேயே நின்றார், கூரையைக் கலைக்க மறந்து. ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது. இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கத்திலிருந்து கொண்டுவந்தாள், முனைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தினாள், பிறகு ஒட்டினாள். லைன் ரெண்டும் சேரட்டும் சார், அப்போ பார்க்கலாம். அவர் வாய்விட்டுச் சிரித்தார், தண்டவாளம் தாண்டிக் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

பதில் சொல்லாமல் பதில் சொல்லிவிட்ட சாமர்த்தியத்தில் அவள் அன்று கோட்டை வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். சேர்கிற லைனா அது. ஊரில் ஒருத்தருக்கும் நம்பிக்கை கிடையாது. ஏதோ வழக்கு என்றார்கள், ஏதோ நிலம் என்றார்கள், பரங்கிமலைப் பக்கம் ரயில் வரும்போது ஜன்னல் வழியே தெரியும், தூண்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும், தலையில் சுமை எதுவும் இல்லாமல். ஒரு தூணின் உச்சியில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அவளுக்கு அந்தக் கன்றைப் பிடித்துப்போயிற்று. இருக்கட்டும், வளரட்டும். அது இருக்கிற வரைக்கும் அவளும் பத்திரம், அவரும் பத்திரம், எதிரெதிர் பிளாட்பாரமும் பத்திரம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை, சரி என்று சொல்லத் தைரியமில்லை, இரண்டுக்கும் நடுவில் அந்த இடைவெளி எவ்வளவு சௌகரியமாக இருந்தது. அவள் ஒன்றும் வாடிப்போய் உட்கார்ந்திருக்கவில்லையே. மாடிப் போர்ஷனில் தனியாக, கட்டிலில் குறுக்காகப் படுத்துக்கொண்டு, தோன்றினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் மாம்பழம், தோன்றினால் காலையிலேயே தலைக்கு எண்ணெய், குளியலறைக் கதவைச் சாத்தாமல் பாடிக்கொண்டே குளிக்கிற சுகம், அந்தச் சுகத்தை யாரிடம் போய்ச் சொல்வது. அதற்குள் ஒரு ஆள் வந்து செருப்பைக் கழற்றுவார். இருமுவார். அவருடைய துண்டு கொடியில் தொங்கும். குறட்டை விடுவாரோ. விட்டால்கூடப் பரவாயில்லை, நான் விடுவேனோ, தனியாகப் படுக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும். இந்தக் கையை, இந்தத் தாடையை விடுங்கள், புடவைக்குள்ளும் தீவு தீவாக இருக்கிறதே, அதை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. எண்ணம் அந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் முள்ளில் மாட்டிய நூல் மாதிரி நின்றுவிடும், அவள் மெல்லப் பின்னால் இழுத்து விடுவித்துக்கொண்டு வேறெதையாவது யோசிப்பாள்.

அவர் மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் செய்தி மட்டும் சொல்வார், மழை வருமா வராதா என்கிற மாதிரி. “உத்தரம் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க டீச்சர்.” “ஓ.” “இன்னும் ஒரு இடம்தான் பாக்கி.” “அப்படியா சார்.” அவ்வளவுதான், இரண்டு பேரும் உதட்டை அழுத்திக்கொள்வார்கள். தினமும் காலையில் மின்சார ரயிலில் குரோம்பேட்டையிலேயே ஏறி அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிற ஹசீனாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். தையல் வகுப்பு நடத்துகிறவள், எதையும் அளவெடுக்காமல் விடமாட்டாள். ஒரு நாள் பரங்கிமலை தாண்டும்போது பார்த்தால் அரசங்கன்றைக் காணோம். தூணின் தலையில் இரும்பு உட்கார்ந்திருந்தது. குணசுந்தரி கழுத்தைத் திருப்பி அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு வந்தாள். “என்னக்கா, முகம் இப்படி ஆயிடுச்சு?” என்று ஹசீனா கேட்டாள், அவள் பார்த்த திசையில் பார்த்தாள், கையில் இருந்த பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து நீட்டினாள். “சேர்த்துட்டாங்க. இனிமே என்ன சாக்கு சொல்லப்போறே?” சோதனை ஓட்டம் நடந்தது. காலி வண்டி ஒன்று பாலத்தில் மெதுவாகப் போவதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து தணிகாசலம் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டார். படியில் பேசுவார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார், மேலே போய் எதிரே நின்று மழை என்பார், கூட்டம் என்பார். லைனைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். ஏன். ஆசை விட்டுப்போயிற்றோ. விட்டுப்போனால் நல்லதுதானே, அவளுக்குத்தான் பதில் சொல்கிற வேலை மிச்சம். ஆனால் அந்த நல்லதை நினைத்தால் ஏன் குளிக்கும்போது பாட்டு வரமாட்டேன் என்கிறது.

புழுதிவாக்கம் போயிற்று. அடுத்தது வேளச்சேரி. எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்கள், பாதை ஒரு பக்கமாக வளைந்தது, வளைவில் தூரத்தில் வேளச்சேரி ஸ்டேஷனின் பெரிய கட்டடமும் பிளாட்பாரத்தில் எறும்பு மாதிரி ஜனங்களும் தெரிந்தார்கள். அப்போது வண்டி வேகம் குறைந்தது, ஊர்ந்தது, நின்றுவிட்டது. பாலத்தின் மேல், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல். முதலில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. பழகின நிம்மதி. நிற்கட்டும். இன்னும் சேரவில்லை பார்த்தாயா, இன்னும் கொஞ்சம் பாக்கி. முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது, தூக்குவாளியின் புளி வாசனை வந்தது, கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர் பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனார்கள். கண்ணைத் திறந்தாள். இன்னும் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் பிளாட்பாரத்து எறும்புகளில் ஒரு எறும்பு கொஞ்சம் உயரமாக இருக்குமோ என்று தேடினாள். அவர் எத்தனை மணிக்கு வந்திருப்பார். அவர் எதற்குமே முன்னாடியே வந்து நிற்கிறவர். வெயில் ஏறுகிறது, அந்தப் பிளாட்பாரத்தில் நிழல் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. உட்கார இடம் இருக்கிறதா. வண்டி ஏன் இன்னும் நிற்கிறது. இவ்வளவு தூரம் கட்டினவர்கள் இந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓட்டத் தெரியாமலா. இப்படியே பின்னால் கொண்டுபோய் விட்டுவிடுவானோ. காரணம் என்னவென்று யாருமே கேட்கவில்லையே, எல்லோரும் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே. தான் எழுந்து நின்றுவிட்டதை அவள் எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தாள். வாசலில் தொங்கிக்கொண்டு நின்றவரிடம், “ஏங்க, எதுக்கு நிறுத்திட்டாங்க?” என்று கேட்டாள். “முன்னாடி ஒரு வண்டி நிக்குது மேடம். அது நகர்ந்தாத்தான் நமக்கு இடம்.” “அது எப்ப நகரும்? இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து விடக்கூடாதா? ஜனங்க அங்க வெயில்ல காத்துக்கிட்டு நிக்குறாங்க இல்ல?” வகுப்பறையில்கூட அவள் குரலை அவ்வளவு உயர்த்தினது கிடையாது, அங்கே உயர்த்திப் பிரயோஜனமும் இல்லை. பெட்டியே திரும்பிப் பார்த்தது. தூக்குவாளி அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “நிக்கட்டும்மா, நல்லாக் காத்து வருது. என்ன அவ்வளவு அவசரம், யாரு காத்திருக்காங்க?” என்றாள். “என்னைக் கட்டிக்கப் போறவர்” என்றாள் குணசுந்தரி.

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்து வெளியே காற்றில் நின்றுவிட்டது. யார் சொன்னது என்று அவளே ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், காதோரத்து நரையைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தாள், சட்டென்று எங்கேயும் திரும்பிக்கொள்ளவில்லை. “அப்படின்னா வண்டி நிக்கக் கூடாதுதான்” என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்றவர்களைப் பார்த்து, “கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவங்க முதல்ல இறங்கட்டும்” என்றாள். யாரும் காரணம் கேட்கவில்லை, வழி விட்டார்கள். குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது, அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. எத்தனை வருஷம் சுமந்தோம், இத்தனை லேசா இது. குறட்டையாவது துண்டாவது. விளக்கு வெளிச்சமாம். அவர் வெயில் பக்கம் நின்றவர், விளக்குக்கா பயப்படுவார். வண்டி ஒரு உதறு உதறி நகர்ந்தது, அவள் நெஞ்சும் கூடவே நகர்ந்தது, கீழே கால்வாய்த் தண்ணீர் பளபளவென்று ஓடியது, ஒரு கொக்கு, தென்னை மரத்தின் உச்சி கைக்கு எட்டுகிற மாதிரி, ஓடு, ஓடு, இன்னும் வேகமாக ஓடு.

அவர் இருந்தார். இன்று அட்டையும் இல்லை, பேனாவும் இல்லை, வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட சந்தன நிறச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு. பெட்டியிலிருந்து முதல் ஆளாக அவள் இறங்கி எதிரே வந்து நின்றதும் அவசரமாகப் பேச ஆரம்பித்தார். “வந்துட்டீங்களா. ஒரு வண்டி உள்ள நின்னுச்சு, அதான் உங்க வண்டியை வெளியில போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமையே இப்படின்னா நாளைக்கு என்ன ஆகுறது. வண்டி இன்னும் அடிக்கடி விடணும், பரங்கிமலையில மாறுறதுக்கு அகலமா ஒரு படிக்கட்டு வேணும், பெட்டியும் பத்தாது டீச்சர், நீங்களே பார்த்திருப்பீங்க.” “பார்த்தேன் சார்.” “கூட்டம் எப்படி?” “நல்ல கூட்டம்.” அதற்கு மேல் அவருக்கு ரயில் தீர்ந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே, கீழே பார்த்துக்கொண்டே, “ஒண்ணு சொல்லணும்” என்றார். “அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு காட்டினது, அது விளையாட்டுக்குன்னு எனக்குத் தெரியும். லைன் சேர்ந்துடுச்சுன்னு அதைப் பிடிச்சுக்கிட்டு நான் வந்து நிப்பேன்னு நீங்க நினைக்க வேண்டாம். அதனாலதான் இத்தனை நாள் நான் பேச்சே எடுக்கலை. லைன் எல்லாருக்கும்தான் கேட்டோம். எல்லாருக்கும் வந்துடுச்சு. உங்களுக்கு இனிமே கோட்டைக்குப் போய்ச் சுத்த வேண்டாம், அதுவே எனக்குச் சந்தோஷம்.” அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய காதுக்குப் பக்கத்தில் சவரம் செய்யும்போது விட்டுப்போன இரண்டு வெள்ளை மயிர் நின்றது. “விளையாட்டுக்குத்தான் சார் சொன்னேன்” என்றாள். அவர் தலையாட்டினார். “இப்ப வர்ற வழியில ஒருத்தங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன். என்னைக் கட்டிக்கப் போறவர் காத்திருக்கார்னு சொல்லிட்டேன். பெட்டியில எல்லாரும் கேட்டுட்டாங்க.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் புதுசாக இருந்தது, யாரோ ஒருவருடைய வீட்டு முகம். பிறகு, “எல்லாரும் கேட்டுட்டாங்களா” என்றார், சட்டைப் பையில் போனைத் தேடினார், “அப்ப மகளுக்கு ஒரு போன் போட்டுடுறேன், வேற யார் மூலமாவது தெரிஞ்சா கோவிச்சுக்குவா” என்றார். அவர் குரல் நடுவில் ஒரு இடத்தில் உடைந்து ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், ஜனங்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், தூக்குவாளி அம்மாள் போகிற போக்கில் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கே போவது என்று தெரியவில்லை. வேளச்சேரியை அவள் பார்க்க வேண்டும், அவர் வீட்டைப் பார்க்க வேண்டும், எல்லாம் பார்க்கலாம், காலம் இருக்கிறது. வந்த வண்டியே திரும்பப் போவதற்குத் தயாராக நின்றது. “நீங்க என் வீட்டைப் பார்த்ததில்லையே சார்” என்றாள். “இல்லையே” என்றார். “மதியத்துக்கு ரசமும் கத்திரிக்காயும்தான் இருக்கு.” “போதும்” என்றார். ஏறினார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறினதில்லை என்பது அவளுக்குக் காலை உள்ளே வைத்த பிறகுதான் தோன்றியது. மூன்று பேர் உட்காருகிற இருக்கையில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர், நடுவில் ஒரு குடையை வைக்கிற அளவுக்கு மரியாதையாக இடம் விட்டு. அந்தக் கோடியில் ஒருவர் உட்கார்ந்தார். ஜனங்கள் வந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள், பரங்கிமலைக்குப் போகிறவர்கள், சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்கப் போகிறவர்கள். கைப்பையும் வியர்வையுமாக ஒரு பெரியவர் வந்து நின்று, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், நாலு பேர் தாராளமா உக்காரலாம்” என்றார். எந்தப் பிரயாணியும் இன்னொரு பிரயாணியிடம் அப்படிக் கேட்கிற நிலைமை இருக்கக் கூடாது என்று மனுவுக்கு மேல் மனுவாக எழுதினவர் தணிகாசலம். அவள் பக்கமாக நகர்ந்தார். அவருடைய சட்டைக் கை அவள் தோளில் பட்டது, கஞ்சியும் வெயிலும் கலந்த வாசனை வந்தது. பெரியவர் இன்னும் பாதி அந்தரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவளும் நகர்ந்தாள், ஜன்னல் பக்கமாக அல்ல.